வட்டி உயர்வின் தடத்தைப் பின்தொடர்வது எப்படி: ஜப்பான், 2024

ஒரு நாட்டின் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியதாகச் செய்தி வந்ததும், எவ்வளவு உயர்த்தினார்கள் என்றே பலரும் முதலில் கேட்கிறார்கள். உலகச் சந்தைகளின் போக்கைக் கணிக்க விரும்புபவர், அந்த நாட்டு நாணயத்தில் வெளியார் எவ்வளவு கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதை அதற்கு முன்பே பார்க்க வேண்டும். 2024 ஜூலை 31 அன்று ஜப்பானின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கி தன் வட்டியை 0–0.1 சதவீதத்திலிருந்து 0.25 சதவீதத்துக்குத்தான் உயர்த்தியது. அதிலிருந்து மூன்றாவது வர்த்தக நாளான ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 12.4 சதவீதம் சரிந்தது. 1987க்குப் பிறகு அது ஒரே நாளில் கண்ட மிகப் பெரிய வீழ்ச்சி அதுவே.

முதலில் இரு நாடுகளின் வட்டிகளையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி 5.25 முதல் 5.50 சதவீதம் வரை இருந்தது. ஜப்பானில் ஏறக்குறைய சுழியம். இத்தகைய இடைவெளி நீடிக்கும்போது, வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாட்டில் முதலீடு செய்யும் 'கேரி டிரேடு' பெருகுகிறது. அதன் ஆபத்தை உணர ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதே சிறந்த வழி. ஒருவர் 1 கோடி யென் கடன் வாங்கி, டாலருக்கு 160 யென் என்ற விலையில் மாற்றினால் 62,500 டாலர் கிடைக்கும். அதை 5 சதவீத வட்டியில் போட்டால் ஓராண்டில் 3,125 டாலர் வருமானம். ஆனால் யென் வலுத்து டாலருக்கு 142 என்றாகிவிட்டால், அதே 1 கோடி யென்னைத் திருப்பிக் கொடுக்க ஏறத்தாழ 70,420 டாலர் தேவை. ஓராண்டு வட்டி முழுவதையும் சேர்த்தாலும் 4,800 டாலர் அளவுக்குக் கையைக் கடிக்கும். ஜப்பானின் வட்டி உயர்வு இந்தக் கணக்கில் எங்குமே தென்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆளைக் கவிழ்ப்பது நாணய மாற்று விகிதம்தான். இது கற்பனை விகிதமும் அன்று. ஜூலை தொடக்கத்தில் 161ஐத் தாண்டியிருந்த டாலரின் விலை, ஆகஸ்ட் 5 அன்று 142 யென்னுக்கும் கீழே சென்றது.

அடுத்து, கடன் வாங்கியோரின் கூட்டம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் முன்பேர வணிகக் கண்காணிப்பு ஆணையம் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை வெளியிடும் அறிக்கையில், யென் விழும் என்று ஊக வணிகர்கள் எடுத்துள்ள நிலைகளின் நிகர அளவு இருக்கும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் அது 1,80,000 ஒப்பந்தங்களைத் தாண்டி, 2007க்குப் பிறகான உச்சத்தில் இருந்தது. வங்கிக் கடன்கள் இதில் அடங்காது என்பதால் இதை முழுக் கணக்காகக் கொள்ளாமல், கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கான அறிகுறியாகக் கொள்வதே சரி.

முடிவு வெளியாகும் நாளில் அறிக்கையோடு நின்றுவிடாமல் ஆளுநரின் செய்தியாளர் சந்திப்பையும் படியுங்கள். ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கியின் ஆளுநர் கசுவோ உயேடா, 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாத எல்லையாகத் தாம் கருதவில்லை என்ற பொருளில் பேசினார். இன்னும் உயர்வுகள் வரும் என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. மறுபக்கத்து நாட்டின் செய்தியும் அதே அளவு முக்கியம். ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலையின்மை 4.3 சதவீதமாக உயர்ந்த தகவல் வந்ததும், அங்கே வட்டி குறையும் என்ற எண்ணம் வலுத்தது. இடைவெளி இரு முனைகளிலிருந்தும் சுருங்கும் என்று தெரிந்தபின், கடனை அடைக்க எல்லோரும் ஒரே வேளையில் யென் வாங்க முற்பட்டனர். ஜப்பானின் வட்டி உயர்வை மட்டுமே குற்றவாளியாக்கும் விளக்கங்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இந்தப் பதற்றம் பிற சந்தைகளுக்குப் பரவுவதைத் திரையில் காண ஓர் எளிய சோதனை உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொத்துகள் சேர்ந்து விழுகின்றனவா என்று பாருங்கள். ஆகஸ்ட் 5 அன்று தென்கொரியாவின் கோஸ்பி பங்குக் குறியீடு 8.8 சதவீதமும், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 3 சதவீதமும் இறங்கின. பிட்காயின் 50,000 டாலருக்குக் கீழே போனது. மும்பையில் சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் இழந்தது. இந்திய நிறுவனங்களின் லாபத்துக்கு அன்று எதுவும் நேர்ந்துவிடவில்லை. மார்ஜின் தொகை, அதாவது கடனில் செய்த முதலீட்டில் இழப்பு வரும்போது கேட்கப்படும் கூடுதல் பிணைத்தொகை, கட்ட வேண்டியவர், விற்கத் தகுந்ததை விற்காமல் விற்க முடிந்ததை விற்பார்.

இத்தகைய கட்டாய விற்பனை அடங்குவதும் விரைவாகவே நடக்கலாம். நிக்கேய் மறுநாளே 10.2 சதவீதம் மீண்டது. சந்தை நிலையற்றிருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்று ஆகஸ்ட் 7 அன்று துணை ஆளுநர் ஷினிச்சி உச்சிடா கூறியதும் பதற்றம் மேலும் தணிந்தது. வட்டி உயர்வின் தாக்கம் வெளிநாடுகளுக்குப் பரவும் மற்றொரு பாதை மெதுவானது: உள்நாட்டுக் கடன் பத்திரங்களில் வருவாய் கூடும்போது, அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை மிக அதிகமாக வைத்திருக்கும் வெளிநாடான ஜப்பானின் காப்பீட்டு நிறுவனங்கள் பணத்தைத் தாயகத்துக்குத் திருப்பக்கூடும். அதை நாள் கணக்கில் தேடாமல் மாதக் கணக்கில்தான் தேட வேண்டும்.

இந்த முறையைச் சோதித்துப் பார்க்க 2025 ஜனவரி 24ஐ எடுத்துக்கொள்ளலாம். ஜப்பான் வங்கி அன்று வட்டியை 0.5 சதவீதமாக்கியது, உயர்வு முன்னதைவிடப் பெரிதாகவும் இருந்தது. ஆனால் அதிகாரிகள் முன்கூட்டியே குறிப்புக் காட்டியிருந்தார்கள், யென்னுக்கு எதிரான நிலைகளும் முந்தைய ஜூலையின் அளவுக்கு அருகில்கூட இல்லை. நிக்கேய் அன்று கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே முடிந்தது.