பூட்டிய அறைக்குள் அடித்த மணி: பேட்டரி சார்ஜரைத் தூரத்திலிருந்து கவனிக்க நான் செய்யும் இணைப்பு

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அப்படியொரு சனிக்கிழமை சாயங்காலம், முப்பந்தலில் நான் பராமரிப்புப் பார்க்கும் காற்றாலை யார்டில் சார்ஜரின் ஏசி ஃபியூஸ் ஒன்று போய்விட்டது. சார்ஜரில் மணி அடித்தது. பூட்டிய கண்ட்ரோல் ரூமுக்குள் அடித்த மணி யாருக்குக் கேட்கும்? திங்கள் காலையில் போய் மீட்டர் வைத்தபோது, 110 வோல்ட் பேட்டரி 81 வோல்ட்டில் கிடந்தது. கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரை விழ வைக்கும் டிரிப் காயில் இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது. அது 70 சதவீதம், அதாவது 77 வோல்ட் வரைதான் வேலை செய்யும் என்று கணக்கு. மிச்சம் இருந்தது நாலே வோல்ட். அதற்குக் கீழே போன பிறகு லைனில் கோளாறு வந்திருந்தால் பிரேக்கர் விழுந்திருக்குமா என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து எந்த சார்ஜரைத் தொட்டாலும் அதை வெளியே பேச வைக்காமல் நான் கிளம்புவதில்லை.

முதலில், சார்ஜரின் அளவுகளைப் படித்து வெளியே அனுப்பும் கேட்வே பெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்துச் சுவர் பிளக்கில் சொருகுவது சுலபம். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஏசி போனதும் சார்ஜரும் நின்றது, அதைச் சொல்ல வேண்டிய பெட்டியும் அணைந்தது. ஆகவே கண்காணிக்கும் பேட்டரியிலிருந்தே எடுங்கள். 110 வோல்ட்டை 24 வோல்ட்டாக்கும், உள்ளும் வெளியும் மின்தொடர்பு இல்லாத, ஐசொலேட்டட் டிசி கன்வெர்ட்டர் வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டிலும் 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அது டிசி மின்னழுத்தத்துக்கென்று குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். ஏசி ஃபியூஸை நம்பினால் டிசியில் உண்டாகும் தீப்பொறி அணையாது. பேட்டரி அறைக்குள் நுழையும் முன் மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஐசொலேஷன் மேல் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. யார்டின் டிசி எர்த்தோடு சேராமல் மிதந்து நிற்கும். பிளஸுக்கும் எர்த்துக்கும், மைனஸுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக அளந்தால் கிட்டத்தட்ட பாதிப்பாதி, 62 வோல்ட் அளவில் வரும் (சார்ஜர் ஓடும்போது 110 வோல்ட் பேட்டரி 124 அருகே நிற்கும்). மலிவான பெட்டியின் மைனஸ் உள்ளேயே ஆண்டெனா உலோகத்தோடு சேர்ந்திருக்கும். அதை மாட்டிய நிமிடமே மைனஸ் பக்கம் பூஜ்யமாகி, பிளஸ் பக்கம் முழு 124 வோல்ட்டும் ஏறி, டிசி எர்த்தைத் தொட்டால் எச்சரிக்கும் எர்த் ஃபால்ட் ரிலே கத்தும். பெட்டியை மாட்டுவதற்கு முன்பும் பின்பும் இந்த இரண்டு அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது தகவல் கம்பி. சார்ஜரும் பெட்டியும் பேசும் ஆர்எஸ்-485 இணைப்புக்கு ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடிக் கம்பி போதும். ஒரு சார்ஜரிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராக இழுங்கள், கிளை பிரிக்காதீர்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜோடிக்கு இடையே அளந்தால் 60 ஓம் அருகே காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். பதிலே வராவிட்டால் ஏ, பி கம்பிகளை மாற்றிப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பெயர் தலைகீழாக இருக்கும். இரண்டு சார்ஜர் இருந்து, இரண்டும் ஒரே முகவரி எண்ணோடு வந்திருந்தால் ஒன்றை 2 ஆக்குங்கள்.

அந்தக் கம்பியில் சார்ஜர் பேசும் மொழி மோட்பஸ். அதில் நேரத்தைத் தின்பது ரெஜிஸ்டர் எண்தான், அதாவது ஒவ்வொரு அளவும் இருக்கும் இடத்தின் எண். கையேட்டில் 40011 என்று இருப்பதை மென்பொருளில் 10 என்று கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். 1237 என்று வந்தால் அது 123.7 வோல்ட். மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்து ஒப்பிடாமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள். போன வருடம் என்னோடு வேலை பழகும் பையன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்: “அண்ணே, பேட்டரி கரண்ட் 6553 ஆம்பியர் காட்டுதுண்ணே!” “பயப்படாத மக்கா, அது மைனஸ் அரை ஆம்பியர்” என்றேன். மென்பொருளை பிளஸ், மைனஸ் குறியுள்ள எண்ணாகப் படிக்கச் சொன்னதும் சரியாயிற்று. அந்த மைனஸ்தான் நமக்கு வேண்டிய சேதி: பேட்டரி வாங்கவில்லை, கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அலாரம் எண்ணைப் பலரும் 100 வோல்ட்டில் வைக்கிறார்கள். அது மிகவும் தாமதம். லெட் ஆசிட் செல் 55, ஒவ்வொன்றுக்கும் 2.25 வோல்ட் என்றால் ஃப்ளோட்டில், அதாவது நிறைந்த பேட்டரியை சார்ஜர் தாங்கிப் பிடிக்கும் நிலையில், 123.75 நிற்கும். சார்ஜர் நின்றதும் அது விரைவிலேயே 115க்கு அருகே இறங்கிவிடும். நான் வைப்பது 118, ஐந்து நிமிடத் தாமதத்தோடு. இதனால் பேட்டரி நிறைந்திருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

சார்ஜரில் கோளாறைச் சொல்லும் ரிலே காண்டாக்ட் (மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச்) இருந்தால் அதையும் விடாதீர்கள். நல்ல நிலையில் மூடியிருந்து, கோளாறில் திறக்கும்படி இணைத்தால் கம்பி அறுந்தாலும் அலாரம் வரும். அதே யோசனையில், பதினைந்து நிமிடம் பெட்டியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், தகவல் வந்து சேரும் சர்வரே எச்சரிக்கும்படி வையுங்கள். சின்னமுட்டம் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சைக் களிம்பு பிடித்து அறுந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கடலோரத்தில் வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது), ரப்பர் அடைப்புள்ள பெட்டியும் கட்டாயம். ஐப்பசி இடிக்கு ஆண்டெனாவிலும் 485 கம்பியிலும், மின்னல் அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள்.

வெளியிலிருந்து படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், எழுத வேண்டாம். மோட்பஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. மோட்பஸின் வாசலான 502 என்ற போர்ட்டை இன்டர்நெட்டில் திறந்துவைத்தால், உங்கள் ஃப்ளோட் வோல்ட்டேஜை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். விபிஎன் என்ற மறைவான பாதை வழியாகவோ, பொது இன்டர்நெட்டில் சேராத தனி ஏபிஎன் உள்ள சிம் வழியாகவோ போங்கள்.

எல்லாம் முடிந்ததும் அனுமதி வாங்கி, பேட்டரி நன்றாக இருக்கும் நாளில், சார்ஜரின் ஏசி எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். போன முறை நான் இறக்கியது காலை 10.05க்கு. கரண்ட் உடனே மைனஸுக்குத் திரும்பியது. 10.12க்கு என் போனிலும், வடசேரியில் இருந்த சூப்பர்வைசர் போனிலும் குறுஞ்செய்தி வந்தது. அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பார்த்துவிட்டு எம்சிபியை ஏற்றினேன். கரண்ட் பிளஸுக்கு வந்த பிறகு நேரத்தை லாக் புக்கில் எழுதி, கண்ட்ரோல் ரூமைப் பூட்டினேன்.