வீட்டுக்கு வெளியே லேப்டாப்பில் வேலை பார்க்க இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

அழகான இடம் வேறு, வேலைக்கு ஆகும் இடம் வேறு. புகைப்படத்தில் பளிச்சென்று தெரியும் கஃபேயில் பிளக் ஒன்றே ஒன்று இருக்கும், அதிலும் விளக்கைச் செருகியிருப்பார்கள். அதனால் தேடலை இடத்திலிருந்து தொடங்காமல் உங்கள் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: வேலையைப் பிரியுங்கள்

மீட்டிங், படிப்பது எழுதுவது, ரகசியமான வேலை என்று மூன்றாகப் பிரித்தால் போதும். நூலகத்தில் அமைதி கிடைக்கும், ஆனால் வாய் திறந்து பேச முடியாது. கஃபேயில் பேசலாம், ஆனால் மெஷின் இரைச்சலும் பாட்டும் மைக்கில் ஏறும். எல்லாவற்றுக்கும் ஒரே இடம் என்பது அநேகமாகக் கிடைக்காது. பேச ஒன்று, அமைதிக்கு ஒன்று என இரண்டு இடமாவது வேண்டும். சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

படி 2: மேப்பில் பட்டியல் போடுங்கள்

15 முதல் 20 நிமிட நடைக்குள் வரும் இடங்களை மட்டும் எடுங்கள். தூரம் அதிகமானால் இரண்டாவது வாரமே போக மாட்டீர்கள். ‘கஃபே’ என்று மட்டும் தேடாமல் பொது நூலகம், ஹோட்டல் லாபி, அருங்காட்சியக முன்கூடம், நாள் கட்டணத்தில் இடம் தரும் கோவொர்க்கிங் ஆகியவற்றையும் பாருங்கள். ரிவ்யூக்களுக்குள் ‘வைஃபை’, ‘பிளக்’, ‘லேப்டாப்’ என்று தேடலாம். கடைக்காரர் போட்ட படத்தைவிட வந்துபோனவர்கள் எடுத்த படமே உதவும். சுவரில் சாக்கெட் இருக்கிறதா, நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். விடுமுறை நாளையும் கூட்ட நேர வரைபடத்தையும் பார்த்து ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: வேலை நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

ஞாயிறு மாலை காலியாக இருக்கும் இடம் செவ்வாய் மதியம் நிரம்பி வழியலாம். வழக்கமாக வேலை பார்க்கும் நேரத்திலேயே போய் ஒரு மணி நேரம் சின்ன வேலை எதையாவது செய்யுங்கள். முதல் நாளே மீட்டிங் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேசை உயரம் 72 முதல் 75 செ.மீ. வரை இருப்பது பெரும்பாலானோருக்கு வசதி. உயரமான கவுன்டரில் அரை மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு செய்தால் தோள் இழுக்கும். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும்: முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோவில் முகம் இருட்டாகிவிடும்.

பிளக்கைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மின்சாரமே வராத சாக்கெட்டும், பிடி தளர்ந்து நழுவும் சாக்கெட்டும் நிறைய உண்டு. பவர் பேங்கை நம்புவதானால் யூஎஸ்பி-சி வழியாக 45 முதல் 65 வாட் தருவதாக இருக்க வேண்டும். போனுக்கான 10 வாட் பவர் பேங்கில் பெரும்பாலான லேப்டாப்கள் சார்ஜே ஏறாது. பவர் பேங்கில் எழுதியிருக்கும் 20,000 எம்ஏஎச் என்ற கொள்ளளவு, கணக்குப்படி சுமார் 74 வாட் அவர் மின்சாரம். மின்னழுத்த மாற்றத்தில் வீணாவது போக, சாதாரண லேப்டாப் ஒருமுறை நிறையும்.

படி 4: இணையத்தைச் சோதியுங்கள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பீடு டெஸ்டில் டவுன்லோடு எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். மீட்டிங்கில் உங்கள் குரலும் முகமும் போவது அப்லோடு வழியாக. குழு வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 3 முதல் 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். வந்தவுடன் ஒருமுறை, கூட்டம் ஏறியபின் ஒருமுறை சோதியுங்கள்.

வேகம் நன்றாக இருந்தும் குரல் வெட்டுகிறதா? ஸ்பீடு டெஸ்டில் பிங் நேரத்தின், அதாவது தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தின், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். அந்த ஜிட்டர் 30 மில்லிசெகண்டைத் தாண்டினால் பேச்சு உடையத் தொடங்கும். வைஃபை பட்டியலில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என இரண்டு பெயர் தெரிந்தால் 5-ஐ எடுத்து ரவுட்டருக்கு அருகில் உட்காருங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் உள்ள தனித்தனிப் பாதைகள்) மூன்றுதான். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதிலேயே நெரிசல்படும்.

இணைந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையென்றால், விபிஎன் (இணையத் தகவலை மறையாக்கி அனுப்பும் செயலி) அந்த வைஃபையின் லாகின் பக்கத்தைத் தடுத்திருக்கலாம். அதை நிறுத்தி, லாகின் செய்தபின் மீண்டும் போடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டையும் அதே இருக்கையில் சோதித்து வையுங்கள். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்குச் சுமார் 1 ஜிபி போகும், தரம் கூடினால் இன்னும் அதிகம்.

படி 5: பாதுகாப்பு

வைஃபை பெயரை ஊழியரிடம் கேட்டே இணையுங்கள். அதே பெயரில் போலி வைஃபை வைப்பது எளிது. தானாக இணைவதை அணைத்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது லேப்டாப் பையோடு வரட்டும். தனியாகப் போகிறவர்களுக்கு இது தொல்லைதான், வேறு வழியில்லை.

படி 6: குறித்து வையுங்கள்

ஒவ்வொரு இடத்துக்கும் அப்லோடு வேகம், பிளக் உள்ள இருக்கை, கூட்ட நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றை மேப்பிலேயே குறிப்பாகச் சேருங்கள். கஃபே என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஆர்டர் செய்யுங்கள். நால்வர் மேசையில் தனியாக இருந்தால், கூட்டம் வரும்போது சொல்லாமலே சிறிய மேசைக்கு மாறிவிடுங்கள்.