தென்கொரியா போய்ச் சேர்ந்த வடகொரியர்கள்: எங்கே சறுக்குகிறது?

வடகொரியாவிலிருந்து தப்பி, சீனா, லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றித் தென்கொரியா போய்ச் சேர்ந்தவர்கள் இதுவரை சுமார் 34,000 பேர். பெரும்பாலோர் பெண்கள். ஒரே இனம், ஒரே மொழி, போனால் ஒட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் முதல் தவறு. வந்தவர்களும் அப்படி நினைக்கிறார்கள், வரவேற்பவர்களும் நினைக்கிறார்கள்.

வந்ததும் தென்கொரிய அரசு நடத்தும் விசாரணை முடிந்தபின், ஹனாவோன் என்ற அரசுக் குடியேற்றப் பயிற்சி மையத்தில் மூன்று மாதப் பயிற்சி. ஆன்சோங் நகரில் 1999 முதல் நடக்கிறது. வங்கி அட்டை, சுரங்க ரயில், கணினி எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் அரசு வாடகை வீடு, குடியேற்ற உதவித்தொகை.

பணத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள். அழைத்து வந்த தரகர் பாக்கிக்காகக் காத்திருப்பார். கைக்கு வந்த தொகை அப்படியே அவரிடம் போனதால்தான் அரசு அதைத் தவணையாகப் பிரித்தது. கூடவே வடகொரியாவின் சீன எல்லையோரத்திலிருந்து, சீன சிம் போட்ட போனில், பணம் கேட்டு அம்மாவின் குரல் வரும். அனுப்பும் பணத்தில் கணிசமான பங்கு இடைத்தரகர் கமிஷனாகவே கழிந்துவிடும். வீட்டுக்கு அனுப்புவதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வாடகை, பராமரிப்புக் கட்டணம், கேஸ், போன் பில் என்று மாதம் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்குமுன் யாருக்கும் தொகை சொல்லி வாக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, ஊரை மறைப்பது. உணவகத்தில் வேலை கேட்டுப் போன் செய்தால், உச்சரிப்பைக் கேட்டதுமே ‘எந்த ஊர்?’ என்பார்கள். தென்கொரியாவின் காங்வோன் மாகாணம் என்றோ, சீனாவில் வாழும் கொரிய இனத்தவர் என்றோ சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. வேலை கிடைத்துவிடும். பிறகு மதியச் சாப்பாட்டில் படித்த பள்ளி, சொந்தக்காரர்கள் என்று பேச்சு திரும்பும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். குடியேறியவர்களுக்கு உதவப் பகுதிதோறும் இருக்கும் ஹனா மையத்தில் உள்ளதைச் சொல்லி, அவர்கள் மூலம் வேலை தேடுவது எவ்வளவோ மேல்.

கஷ்டத்தைச் சொல்லாமல் இருப்பதும் தவறு என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. 2019-இல் சியோலின் குவானாக் பகுதியில் வடகொரியாவிலிருந்து வந்த ஒரு தாயும் 6 வயது மகனும் வீட்டில் இறந்து கிடந்தார்கள். இறந்து சுமார் இரண்டு மாதம் ஆகியிருக்கலாம் என்றார்கள். பணம் கட்டாததால் தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் தென்கொரியா வந்து பத்தாண்டு ஆகிவிட்டது, வந்தவர்களுக்கு அரசு உதவி தரும் ஐந்தாண்டுப் பாதுகாப்புக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. விண்ணப்பம் போட்டால்தான் உதவி என்று உட்கார்ந்திருந்த அமைப்பின் தவறு இது.

உள்ளூர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிமுகமான அன்றே ‘எப்படித் தப்பினீர்கள், பட்டினி கிடந்தீர்களா?’ என்று குடையாதீர்கள். அவர்களில் பலருக்கு அம்மா அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சொல்லும் ஒரு விவரம் அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடலாம்.

பள்ளிகளில் இன்னொரு தவறு நடக்கிறது. தாய் வடகொரியர் என்பதால் பிள்ளைக்குக் கொரிய மொழி தெரியும் என்று நினைத்து வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். தப்பிய தாய் சீனாவில் இருந்தபோது பிறந்து, அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது சீன மொழிதான். தப்பி வந்தவருக்குள்ள சலுகைகளும் அந்தப் பிள்ளைக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. பாடம் தொடங்குமுன் முதலில் அதற்குக் கொரிய மொழி கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்.