பழைய ஒயின் வாங்குவோர் ஏமாறும் இடங்கள்

1985 டிசம்பரில், லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரே ஒரு ஒயின் பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போனது. 1787-ம் ஆண்டு லஃபீத் (பிரான்சின் பெயர்பெற்ற போர்தோ ஒயின்) என்றார்கள். கண்ணாடியில் அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. ஏலத்தில் எடுத்தது அமெரிக்கப் பத்திரிகை நடத்தும் ஃபோர்ப்ஸ் குடும்பம். காட்சிக்கு வைத்த இடத்தில் விளக்குச் சூட்டில் கார்க் சுருங்கி, பாட்டிலுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

அலமாரியில் நிறுத்தி அழகு பார்ப்பது பலரும் செய்கிற தவறு. கார்க் நனைந்தே இருக்க வேண்டும் என்பதால் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். இருட்டு வேண்டும், 12, 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி மாறாமல் இருக்க வேண்டும். போர்ச்சுகலின் மதேரா தீவு ஒயின் இதற்கு விலக்கு. இந்தியாவரை கப்பலில் போய்த் திரும்பி, வெயிலில் வெந்தே பேரெடுத்த ஒயின் அது. அதை நிறுத்தியே வைக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, கதைக்குக் காசு கொடுப்பது. அந்த ஜெஃபர்சன் பாட்டில்களை விற்றவர் ஜெர்மானியரான ஹார்டி ரோடென்ஸ்டாக். பாரிஸில் சுவர் வைத்து அடைத்திருந்த நிலவறையில் கிடைத்ததாகச் சொன்னார். எந்த வீடு என்று கடைசிவரை சொல்லவில்லை. அதே வரிசையில் நான்கு பாட்டில்களை வாங்கியிருந்த அமெரிக்கக் கோடீஸ்வரர் பில் கோக், 2005-ல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் தம் சேகரிப்பை வைக்கப்போனபோதுதான் ஆதாரம் தேடினார். ஜெஃபர்சனோ வரவு செலவைத் துல்லியமாக எழுதிவைத்தவர். அந்தக் குறிப்புகளில் இந்த பாட்டில்கள் இல்லை. எழுத்துகளைச் செதுக்கியது மின்கருவி என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஆய்வகத்தில் சீசியம்-137 சோதனையும் நடந்தது. அணுகுண்டு வெடிப்புகளுக்குப் பிறகு காற்றில் கலந்த இந்தக் கதிரியக்கத் தனிமம் அந்த ஒயினில் இல்லை. அதை வைத்து ஒயின் 1945-க்கு முந்தையது என்று சொல்லலாமே தவிர, 1787 என்று சொல்ல முடியாது. ஏல நிறுவனத்தின் பெயர் பெரிது என்பதும் சான்றாகாது என்று இங்கே தெரிந்துபோனது.

பலர் எளிய கணக்கைக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை. 2008-ல் நியூயார்க்கில் ஒரு ஏலத்துக்கு பிரான்சில் ஒயின் தயாரிக்கும் பொன்சோ குடும்பத்தின் க்ளோ சான்-தெனி என்ற ஒயினின் 1945 முதல் 1971 வரையிலான பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982-ல்தான்! அந்தக் குடும்பத்தின் லொரான் பொன்சோ நேரில் போய் விற்பனையை நிறுத்தினார். பாட்டில்களைக் கொண்டுவந்த ரூடி குர்னியவான் 2012-ல் கைதாகி, 2014-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் வீட்டில் போலி லேபிள்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

வயது கூடினால் ருசியும் கூடும் என்பதும் பொய். பெரும்பாலான ஒயின்கள் சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கானவை. பிரான்சின் ரொமானே-கோன்தி என்ற தோட்டத்தின் 1945-ம் ஆண்டு ஒயின் ஒரு பாட்டில் 2018-ல் 5,58,000 டாலருக்கு விலைபோனதற்குக் காரணம் முதுமை மட்டுமல்ல. அந்த ஆண்டு தயாரானதே சுமார் 600 பாட்டில்கள். அடுத்து அந்தப் பழைய கொடிகளையே பிடுங்கிவிட்டார்கள். 1952 வரை அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒயின் வரவில்லை. இத்தகைய பாட்டிலில் ஒயின் கழுத்துவரை நிறைந்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பல பத்தாண்டுகளில் கார்க் வழியே கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும்.

குடித்து முடித்த பாட்டிலை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. குர்னியவான் போலி ஒயினை நிரப்ப, உணவகத்திலிருந்து அரிய ஒயின்களின் காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். லேபிளைக் கிழித்துவிட்டோ, பாட்டிலை உடைத்தோ போடுங்கள்.