சுவிட்சை அணைத்தும் நிற்காத எஞ்சின்

காரைக்குடியில் எங்கள் பட்டறைக்கு வந்த டிராக் (drag) பந்தயக் காரில், அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் பாயும் பந்தயத்துக்கான காரில், பின்சக்கரங்களின் மேல் எடையை ஏற்றுவதற்காகப் பேட்டரி டிக்கிக்கு மாற்றப்பட்டிருந்தது. அவ்வாறு மாற்றினால், வெளியிலிருந்தே எட்டும்படி வண்டியின் பின்புறத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பதும், அதை அணைத்தால் ஓடும் எஞ்சினும் நின்றாக வேண்டும் என்பதும் அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி.

சுவிட்சைப் பாசிட்டிவ் கேபிளில் பொருத்தி அணைத்துப் பார்த்தபோது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டுக் கம்பி சுவிட்சுக்கு அப்பால், ஃபியூஸ் பெட்டிப் பக்கம் இணைந்திருந்ததால், பேட்டரி துண்டிக்கப்பட்ட பின்னும் இக்னிஷனுக்கு அதுவே மின்சாரம் கொடுத்தது. மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கெடும் ஆபத்தும் இதில் உண்டு.

அக்கம்பியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த தனிக் கேபிளைப் பின்னுக்கு இழுத்து, சுவிட்சின் பேட்டரிப் பக்க முனையில் சேர்த்தேன். ஸ்டார்ட்டரும் ஃபியூஸ் பெட்டியும் மறுமுனையில் நின்றன. சுவிட்ச் அணைந்த பிறகும் இந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும் என்பதால், பேட்டரிக்கு அருகிலேயே அதற்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பலர் இதை வீண் செலவு என்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் போட்டேன். எங்கள் பக்கத்து வெயிலில் மலிவான ரப்பர் விரைவில் வெடித்துவிடுவதால், அதில் சிக்கனம் பார்க்கவில்லை.

பிறகு எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் ஓடவிட்டுச் சுவிட்சை அணைத்தபோது, உடனே நின்றது.