பழைய கணினிக்கு ஏற்ற இயங்குதளம்: தேர்வும் பராமரிப்பும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கணினி மந்தமாகத் தொடங்கியதும் பலரும் தேடுவது எந்த இயங்குதளம் மிக இலகுவானது என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: அந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் எந்தத் தேதிவரை வரும்? விண்டோஸ் 7 பழைய கணினியில் லேசாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் ஆதரவு நின்றது. தனிப்பயனர்கள் பதிவுசெய்துகொண்டால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இணையத்தோடு இணையாத கணினிக்கு இந்தத் தேதிகள் பெரிய பொருட்டல்ல. வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் திறக்கும் கணினிக்கு இவற்றைப் பார்த்த பிறகே மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் கணினியைச் சோதியுங்கள்

புதிய இயங்குதளத்தைப் பதிவிறக்குவதற்கு முன், இப்போதுள்ள கணினி எதனால் திணறுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸ் 10 இருந்தால், கணினியைத் திறந்து ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிராசஸர் பத்து சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், குறை பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளைப் படிக்க அதன் முனை ஒவ்வொரு முறையும் நகர்ந்தாக வேண்டும். அந்த அலைச்சலை எந்த இயங்குதளமும் நீக்கிவிட முடியாது. நினைவகம் நிரம்பி வழிந்தாலும் டிஸ்க் இதேபோல் ஓயாமல் ஓடும் என்பதால், அதே பக்கத்தில் நினைவகத்தின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே, பணம் செலவழிக்க முடியுமென்றால் முதல் செலவு, சுழலும் பாகங்களே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்காகவே இருக்கட்டும். பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சாட்டா என்ற இணைப்பு முறையில் மதர்போர்டோடு சேரும் 2.5 அங்குல டிஸ்க்தான் இருக்கும். அதே இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். பழைய மதர்போர்டு சாட்டாவின் இரண்டாம் தலைமுறை வேகத்தை மட்டும் தந்தாலும், கணினி திறக்கும் நேரத்திலும் செயலிகள் திறக்கும் நேரத்திலும் கிடைக்கும் மாற்றத்தை அது பெரிதாகக் குறைத்துவிடாது. இரண்டாவது செலவு நினைவகத்துக்கு. 2 ஜிபி இருக்கும் கணினியை 4 ஜிபிக்கும், 4 ஜிபி இருப்பதை 8 ஜிபிக்கும் உயர்த்துவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸில் இலகுவானது எது என்று தேடிக்கொண்டிருப்பதைவிடப் பயன் தரும். சில மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் விவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

எந்த இயங்குதளம் ஓடும் என்பதை முடிவு செய்வதால், பிராசஸர் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் கோர் 2 டூவோவும் அதற்குப் பின் வந்த கோர் வரிசையும் 64 பிட். பழைய நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 போன்றவை 32 பிட் மட்டுமே. நடுவில் ஒரு வேடிக்கையான வகையும் உண்டு: பே டிரெயில் வகை ஆட்டம் சிப் கொண்ட சில மலிவுக் கணினிகளில் பிராசஸர் 64 பிட்டாக இருக்கும், கணினியைத் திறந்ததும் முதலில் ஓடி இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் யுஇஎஃப்ஐ மென்பொருள் மட்டும் 32 பிட்டாக இருக்கும். இயங்குதளத்தை நிறுவுவதற்காகச் சரியாக எழுதப்பட்ட பென் டிரைவைக்கூட இவை கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். பென் டிரைவைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல்லில் அந்தப் பட்டியல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவும் வழிகள் எளிதாகக் கிடைக்கின்றன, பலர் அப்படி நிறுவியும் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத பிராசஸர்களில், கோர் 2 டூவோ உட்பட, விண்டோஸ் 11 திறக்கவே திறக்காது. பாதுகாப்பு அப்டேட்களுக்காக மாறப்போய், அந்த அப்டேட்கள் வருமா என்று ஒவ்வோர் ஆண்டும் கவலைப்படும் நிலைக்கு வந்து சேர்வதில் பொருளில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் ஒரு குறிப்பிட்ட மென்பொருள் உங்கள் தொழிலுக்கு இன்றியமையாதது என்றால், அந்த வேலையைத் தகுதியுள்ள வேறொரு கணினிக்கு மாற்றிவிட்டுப் பழையதை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

4 ஜிபியும் அதற்கு மேலும் நினைவகமுள்ள 64 பிட் கணினிக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், இலகுவான டெஸ்க்டாப் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். மின்ட்டுக்கு 2 ஜிபி போதும், 4 ஜிபி இருந்தால் வசதியாக இருக்கும் என்று அதை உருவாக்குவோரே சொல்கிறார்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. லுபுண்டு இன்னும் சற்று இலகுவானது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் ஆதரவு இருந்தாலும், லுபுண்டு, சுபுண்டு போன்ற அதன் கிளை வடிவங்களுக்கு மூன்று ஆண்டுகள்தான். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாற்றும் பொறுமை உங்களுக்கு இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

32 பிட் கணினி வைத்திருப்பவர்களுக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் பிராசஸர்களுக்கான நிறுவி இல்லை. டெபியன் 12இல் அது உண்டு, அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. அதே அடித்தளத்தில் அமைந்த ஆன்டிஎக்ஸ் 23க்கும் 32 பிட் வடிவம் கிடைக்கிறது. ஆயினும், இயங்குதளம் ஓடினாலும் உலாவி ஓடுமா என்பதுதான் இங்கே சிக்கல். லினக்ஸுக்கான 32 பிட் ஃபயர்பாக்ஸ் 144ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. எனவே, 32 பிட் கணினியை இணைய உலாவலுக்கென்று புதுப்பிக்க முயல்வதைவிட, எழுதுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் வைத்துக்கொள்வதே சரி.

உலாவியைத் தவிர வேறு எதையும் திறக்காதவர்களுக்குக் கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இயங்குதளம் ஒரு வழி. அதற்கும் 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி நினைவகமும் வேண்டும், கூகுள் கணக்கு இல்லாமல் முழுப் பயன் கிடைக்காது, ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் ஓடா. நிறுவும் முன், உங்கள் மாடல் சான்றளிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, அதற்கான ஆதரவு எந்த ஆண்டுவரை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் முன் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை டிஸ்க்கில் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அங்கே தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ரூஃபஸ் போன்ற கருவியால் பென் டிரைவில் எழுதி, கணினியைத் திறக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் மாடலுக்குரிய விசையை அழுத்தினால் எதிலிருந்து பூட் செய்வது என்ற பட்டியல் வரும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தச் சோதனைக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். டெஸ்க்டாப் அழகாக வந்துவிட்டது என்பதோடு திருப்தியடையாமல் வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மடிக்கணினியின் மூடியை மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து, அது உறக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிராட்காம் வைஃபை சிப் உள்ள கணினிகளில் வைஃபை முதலில் தெரியாமல் போவது வழக்கமாக நடப்பதுதான். கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து, டிரைவர் மேனேஜர் வழியாக உரிய டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிறுவுவதற்கு முன் உங்கள் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிறுவிய பிறகு

அன்றாடச் சுமையில் பெரும்பங்கு உலாவியுடையது. டெஸ்க்டாப்பில் நூறு எம்பி மிச்சம் பிடித்துவிட்டு முப்பது டேப்களைத் திறந்து வைத்தால் அந்தச் சேமிப்புக்கு அர்த்தமில்லை. விளம்பரத் தடுப்பான் ஒன்றை நிறுவுவதும், பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் அமைப்பை இயக்குவதும், வீடியோவின் தரத்தை 720பிக்குக் குறைப்பதும் பழைய கணினியில் உடனே தெரியும் மாற்றங்கள். 4 ஜிபிக்குக் குறைவான நினைவகம் இருந்தால் இசட்ராம் வசதியை இயக்குங்கள். நினைவகத்தில் உள்ளவற்றை டிஸ்க்குக்குத் தள்ளாமல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைப்பது அதன் வேலை.

அப்டேட்களை வாரம் ஒருமுறை, அவசரமில்லாத ஒரு நேரத்தில் நிறுவிக்கொள்ளலாம். அதற்கு முன் மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால், அப்டேட் ஏதேனும் கோளாறு செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். டைம்ஷிஃப்ட் இயல்பாக இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் சேர்வதில்லை. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். அப்டேட்களோடு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளும் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க்கை முழுவதுமாக மறையாக்கம் செய்து நிறுவியவர்களுக்குப் பூட் பகுதி தனியாகச் சிறிய அளவில் இருக்கும் என்பதால், அது நிரம்பி அப்டேட்டே நின்றுபோகும். இப்போது ஓடும் கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அப்டேட் மேனேஜரிலிருந்தே நீக்கிவிடலாம்.

பழைய கணினியில் மென்பொருள் கோளாறு போலத் தோன்றும் பலவும் உண்மையில் வன்பொருளின் முதுமையே. என் பழைய மடிக்கணினியில் ஒருநாள் திடீரென்று எந்த இணையதளமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே எல்லாவற்றுக்கும் வந்தது. உலாவியை நீக்கி மறுபடி நிறுவினேன், டிஎன்எஸ்ஸை மாற்றினேன், கடைசியில் இயங்குதளத்தையே மறுபடி நிறுவப் பென் டிரைவைக் கையில் எடுத்தபோதுதான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. 2009 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் கணினி பிறந்த காலத்துக்கே போய்விட்டது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

டிஸ்க்கின் உடல்நிலையை மாதம் ஒருமுறை பாருங்கள். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியில் டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்தால், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), நிலுவையில் உள்ள செக்டர்கள் என்ற இரண்டு எண்ணிக்கைகள் தெரியும். அவை பூஜ்யமாக இருப்பது நல்லது. சிறிய எண்ணாக இருந்து மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் கண்காணித்து வரலாம். மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே கோப்புகளை நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். விசிறி ஓயாமல் இரைந்து, சூடேறிய பின் மட்டும் கணினி மெதுவாகிறது என்றால், வெப்பத்தைத் தாங்க பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பொருள். உள்ளிருக்கும் தூசியை எடுத்து, பிராசஸரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றினால் இழந்த வேகம் திரும்பும்.

நிறுவி முடித்த அன்றே, ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அடுத்த பதிப்பைப் பென் டிரைவில் ஓட்டி, அதே வைஃபையையும் அதே மூடியையும் மறுபடி சோதித்துவிடலாம்.