மதுரைக்கு வரும் ஆல்பா-கேல் ஒவ்வாமைக்காரர்கள் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது

உண்ணி கடித்து, அதன்பின் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். இதற்குத்தான் ஆல்பா-கேல் ஒவ்வாமை என்று பெயர். என் கணவருக்கு அமெரிக்காவில் அப்படி ஆனது. கோழி, மீன், முட்டை ஒன்றும் செய்யாது. கறி உள்ளே போனால் உடனே தெரியாது. இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து, பல சமயம் தூக்கத்தில் தடிப்பும் வயிற்று வலியும் வரும்.

பாக்கெட் விஷயத்தில் ஊரில் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் ஜெலட்டினோ (மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்க்கக் கூடாது என்பது சட்டம். அமெரிக்காவில் மோனோ அண்ட் டைகிளிசரைட்ஸ் என்ற கொழுப்புச் சேர்மானத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, இது செடியிலிருந்து வந்ததா மாட்டிலிருந்து வந்ததா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்போமே, அந்தப் பாடு இங்கே இல்லை.

ஆனால் பச்சைப் புள்ளி பாலைத் தடுக்காது. பாலும் ஆகாதவர்கள் மசாலா சிப்ஸ் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்க்க வேண்டும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வாமை வரியில் பாலைச் சொல்லியாக வேண்டும். இறைச்சியும் ஜெலட்டினும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது, அதனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள்.

அசைவக் குறியான பழுப்பு முக்கோணத்தைப் பார்த்ததும் ஒதுக்க வேண்டியதில்லை. முட்டை கேக்குக்கும் அதுதான், ஜெலட்டின் போட்ட மார்ஷ்மெல்லோவுக்கும் அதுதான். உள்ளே என்ன என்று படித்து முடிவு செய்யுங்கள். கோழி சாசேஜ் என்றாலும் மேல் உறை மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேப்சூலுக்குப் பதில் மாத்திரையோ சிரப்போ உண்டா என்று கேளுங்கள். கேப்சூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின்தான்.

ஜிகர்தண்டாவில் வழவழவென்று வருவது மரப்பிசினும் கடற்பாசியும். பால் ஒத்துக்கொள்வதால் என் கணவர் விளக்குத்தூண் பக்கம் போனால் குடிக்காமல் திரும்புவதில்லை.

பாக்கெட்டைவிட எனக்குப் பயம் குழம்புச் சட்டிதான். திருமங்கலத்தில் பெரியம்மா வீட்டில், "கறிய எடுத்துட்டேன் மாப்பிள, குழம்பு மட்டும் ஊத்திக்கங்க" என்று ஆசையாகக் கரண்டியை நீட்டினார். எலும்பு கொதித்த குழம்பு அது. கையைப் பிடித்து நிறுத்தி, சாறுகூட ஆகாது பெரியம்மா என்று சொன்னேன். உடனே ரசம் வைத்துக் கொடுத்தார். கடையில் குஸ்காவும் அப்படித்தான், பல இடங்களில் மட்டன் பிரியாணி அண்டாவிலிருந்து பீஸ் இல்லாமல் அள்ளி வைப்பது. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா எதில் கொதித்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசிப் பேனாவை அங்கிருந்தே, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் கொண்டு வாருங்கள். இங்கே நினைத்த கடையில் கிடைக்காது. மூச்சு இறுகினால் ஊசியைப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.